வெட்டிப் பேசியவள்

எனக்கும் என் அண்ணாவுக்கும் சிறு வயதிலிருந்தே ஒத்துப்போனதில்லை. எங்கள் வீடு மாட்டுங்காவில், டிராம் வந்து திரும்புகிற வட்டத்துக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். அந்த இடத்துக்குள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க வழியே கிடையாது. அண்ணா பி.ஏ.யைத் தட்டுத்தடுமாறித் தேறி, போருக்கென்று திறந்த ஒரு சர்க்கார் சப்ளை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தான். நான் இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறியிருந்தேன். அதற்குமேல் படிக்கவைப்பதில்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

"இப்பவே உனக்கு வரன் பார்க்கறது பெரும்பாடா இருக்கு. பி.ஏ. வேற படிச்சுட்டா எவன் வருவான்?" என்றார்.

அண்ணா செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தாள் ஆடியதில் எனக்குத் தெரிந்தது.

அப்படி நான் வீட்டோடு கிடந்த வருஷத்தில்தான் எங்கள் தெருக்கோடியில் இருந்த தமிழ் வாசகசாலையில் விவாதப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். காலேஜில் இங்கிலீஷில் நடக்கிற போட்டியைப் போலவே முறைப்படி, ஆனால் தமிழில். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கிருந்தும் தமிழர் யாரும் கலந்துகொள்ளலாம் என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அண்ணா பெயர் கொடுத்தான். நானும் கொடுத்தேன். அப்பா தடுப்பார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. சபையில் பேசுகிற பெண் என்றால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் ஆயிற்று என்று அம்மாவிடம் சொன்னாராம்.

தலைவராக இருந்தவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரிடமும் சிடுசிடுப்பு. போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்களை உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். விவாதிக்கப்போகிற வாக்கியத்துக்குப் பெயர் பிரேரணை. அதை ஒட்டிப் பேச இருவர், வெட்டிப் பேச இருவர். ஒட்டிப் பேசுகிறவர்களில் முதல் ஆள்தான் பிரேரணையைக் கொண்டுவருகிறவர். அதிலுள்ள சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியது அவர் வேலை. நிரூபிக்கிற பொறுப்பும் அவர் பக்கத்துக்குத்தான். வெட்டுகிறவர்கள் அந்த நிரூபணம் போதாது என்று காட்டினாலே போதும். நாலு பேரும் பேசி முடித்த பிறகு பிரேரணை கொண்டுவந்தவருக்கு மட்டும் கடைசியாக ஒரு பதிலுரை உண்டு.

"பதிலுரையிலே பதில் மட்டும்தான்," என்றார். "அதுவரைக்கும் சொல்லாத புது விஷயத்தைக் கொண்டுவரப்படாது. ஏன்னா எதிராளிக்குத் திரும்பப் பேச சந்தர்ப்பம் கிடையாது. ஆளைத் தாக்கப்படாது, வாதத்தைத்தான் தாக்கணும். விதி மீறினா யார் வேணுமானாலும் எழுந்து 'ஒழுங்குப் பிரச்னை'ன்னு சொல்லலாம். நான் தீர்ப்பு சொல்லுவேன். என் தீர்ப்புக்கு மேலே பேச்சு கிடையாது."

அன்றைக்கே சீட்டுக் குலுக்கினார்கள். பிரேரணை, "பெண்கள் உத்தியோகத்துக்குப் போவது குடும்பத்துக்கு நன்மை தரும்" என்பது. ஒட்டிப் பேச அண்ணா, முதல் பேச்சாளர். வெட்டிப் பேச நான். அந்தப் பக்கத்தில் முதல் பேச்சாளர். கூடியிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று நான் பேசவேண்டும். போகலாம் என்று, தங்கைக்கு இன்டர்மீடியட்டே அதிகம் என்கிற என் அண்ணா பேசவேண்டும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் நான் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தேன்.

அந்த விஷயம் அண்ணாவுக்கு மட்டும் தெரியும். சொல்லப்போனால் அவன் மூலமாகத்தான் அது வந்தது. நகரத்தில் ரேஷன் வந்து, பேட்டைக்குப் பேட்டை ஆபீஸ் திறந்துகொண்டிருந்தார்கள். தாராவிப் பக்கத்து ஆபீசுக்குத் தமிழ் தெரிந்த பெண் குமாஸ்தாக்கள் வேண்டும், அங்கே கார்டு விஷயமாக வருகிறவர்கள் பாதிக்குமேல் பெண்கள் என்று அவனுக்கு மேலே இருந்த அதிகாரி அவனிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க அவனுக்கு நான் தேவைப்பட்டேன். கோயிலுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு அவனே என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அதிகாரி முன்னால் நிறுத்தினான். திரும்பி வரும்போது, "அப்பாகிட்ட மூச்சு விட்டே, உன்னோட பேச்சே கிடையாது. ஆர்டர் வரட்டும், நானே சமயம் பார்த்துச் சொல்றேன்," என்றான். நான் நம்பினேன். நம்பாமல் வேறு யாரிடம் போவது?

வெட்டிப் பேசுவதில் எனக்குக் கூட்டாளியாக வந்தவர் தாராவியிலிருந்து வந்த ஒருவர். பூர்வீகம் திருநெல்வேலி, ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. முப்பது வயது இருக்கும். எங்கள் பக்கம் என்ன பேசுவது என்று பிரித்துக்கொள்ள வாசகசாலையில் ஒரு மாலை சந்தித்தோம். நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒங்க குறிப்பு வேண்டாம்," என்றார். "நீங்க பேசுதத நீங்க பேசுங்க. நான் பேச வேண்டியது எனக்குத் தெரியும்."

"ரெண்டு பேரும் ஒரே கட்சி. முன்னுக்குப் பின் முரணா வந்தா நடுவர்கள் மார்க்கைக் குறைப்பா."

"மார்க்கு யாருக்கு வேணும்? ரேசன் ஆபீசுல தமிழ் தெரிஞ்ச ஆள் எடுக்காவன்னு கேள்விப்பட்டு நானும் போயி நின்னேன். தாராவியில பொறந்து வளந்தவன். அங்க எந்த வீட்டுல எத்தன பேருன்னு எனக்குத் தெரியும். பொம்பளையாளுதான் எடுப்போம்னு அனுப்பிட்டான். எடுக்கது யார? மாட்டுங்காப் பிள்ளைகள. தாராவிய இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு நடந்துகூடப் பாத்திருக்க மாட்டாவ. நீங்க சீட்டு விழுந்ததுக்காகப் பேசுதிய. நான் நெசமாவே பேசுதேன்."

என் முகம் என்ன ஆயிற்றோ தெரியாது. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஓர் அதிகாரி அவரைத் திருப்பி அனுப்பியதற்கு நான் என்ன செய்வேன்? அதே சமயம், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசவேண்டியிருக்கிறதே என்றும் இருந்தது.

போட்டியன்று வாசகசாலையில் உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். அப்பா முதல் வரிசையில், கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. பக்கத்தில் அம்மா இல்லை. பெண்கள் பின்னால் தனியாக உட்கார்ந்தார்கள். மேடையில் தலைவர், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலி. ஓர் ஓரத்தில் நடுவர்கள், இன்னோர் ஓரத்தில் கடிகாரமும் மணியுமாக நேரம் பார்க்கிறவர். ஒரு மணி அடித்தால் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி. இரண்டு மணி அடித்தால் உட்கார்ந்துவிடவேண்டும்.

அண்ணா பிரேரணையைக் கொண்டுவந்தான். "உத்தியோகம்" என்றால் என்ன, "நன்மை" என்றால் என்ன என்று இலக்கணம் சொல்வதிலேயே பாதி நேரத்தைக் கரைத்தான். மீதி நேரத்தில் வெளிநாட்டுப் பெண்கள் யுத்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்வதைப் பற்றிச் சொன்னான். நம் ஊர்க் குடும்பத்துக்கு அதனால் என்ன என்று சொல்லவே இல்லை. நம்பாததைப் பேசுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது.

நான் எழுந்தேன்.

"பிரேரணை கொண்டுவந்தவர் ஒன்றை நிரூபிக்க மறந்துவிட்டார்," என்று ஆரம்பித்தேன். "காலையில் ஆபீசுக்குப் போகிற பெண் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு யார் காப்பி போட்டுக் கொடுப்பார்கள்? இந்தச் சபையில் இருக்கிற ஆண்களில் அடுப்பு மூட்டத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்."

யாரும் தூக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது.

"ஆக, அவளுக்கு இருந்த வேலை குறையப்போவதில்லை, இன்னொரு வேலை கூடத்தான் போகிறது. ஒருத்தி இரண்டு ஆள் வேலை செய்து சீக்கிரமே நோயில் படுத்துவிடுவதைக் குடும்பத்துக்கு நன்மை என்று சொல்வீர்களா? ஆண்கள் இப்படி இருக்கிறவரைக்கும் எந்தப் பெண்ணும் வேலைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் கட்சி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பாவும் தட்டினார். அண்ணாவின் காது சிவந்திருந்தது.

அவன் பக்கத்து இரண்டாம் பேச்சாளர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்; நல்லவர், நினைவில் நிற்கும்படி ஒன்றும் பேசவில்லை. பிறகு என் கூட்டாளி எழுந்தார். மேடைத் தமிழெல்லாம் இல்லை. ஆணுக்கே வேலையில்லாமல் இருக்கும்போது, ஏற்கெனவே ஒரு சம்பளம் வருகிற வீட்டுக்கு இன்னொரு சம்பளத்தைக் கொடுத்தால், ஒரு சம்பளமும் வராத வீடு என்ன செய்யும் என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். நான் பேசினதைவிட அதுதான் கனமான வாதம் என்று எனக்கே தோன்றியது. அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அண்ணாவின் பதிலுரை. எங்கள் வாதம் எதற்கும் அவனிடம் பதில் இல்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னான். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தான். பின்னாலிருந்து யாரோ, "பஸ் கரோ, பாய்!" என்று, போதும் நிறுத்து என்பதை இந்தியில் கத்தினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மணி ஒரு தடவை அடித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வேலைக்குப் போகக் கூடாது என்று இங்கே முழங்கினாரே என் தங்கை," என்றான். "அவர் தாராவி ரேஷன் ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். நேரில் போய் அதிகாரியையும் பார்த்தாயிற்று. இல்லையென்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்!"

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் என் கூட்டாளி நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"ஒழுங்குப் பிரச்னை," என்றேன்.

தலைவர் மேஜையைத் தட்டினார். "சொல்லுங்கோ."

"பதிலுரையில் புது விஷயம் கொண்டுவரப்பட்டிருக்கிறது. அதுவும் வாதத்தைப் பற்றியது இல்லை, ஆளைப் பற்றியது."

"ஒப்புக்கொள்கிறேன்," என்றார் தலைவர். "பிரேரணை கொண்டுவந்தவர் கடைசியாகச் சொன்னது செல்லாது. நடுவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சபையும் கேட்டதாக வைத்துக்கொள்ளக் கூடாது."

நடுவர்கள் கேட்காததாகவே வைத்துக்கொண்டார்கள். கோப்பை எங்கள் பக்கத்துக்கு வந்தது. சபை கேட்டதைக் கேட்டதாகவே வைத்துக்கொண்டது. மேடையிலிருந்து இறங்கும்போது பெண்கள் பக்கத்தில் ஒரு மாமி இன்னொருத்தியிடம், "வாய் ஒண்ணு, காரியம் ஒண்ணு," என்று என் காதில் விழும்படி சொன்னாள்.

வாசலில் என் கூட்டாளி நின்றுகொண்டிருந்தார். நான் கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

"முதல்ல நீங்க வச்சுக்கோங்கோ. அப்புறம் நான்..."

"ஒங்க கப்ப நீங்களே வச்சுக்கிடுங்க," என்றார். "நான் வயித்தெரிச்சல ஒங்ககிட்ட சொன்னேன்லா, அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா? எம் பக்கத்துலயே உக்காந்து ஒண்ணுந் தெரியாத மாதிரி இருந்திய."

"உங்களுக்கு வேலை குடுக்காதது நான் இல்லை."

"நீங்க இல்ல. நீங்க எடுத்துக்கிட்டவங்க." ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசும் இல்லை.

அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில், குளித்து, சந்தியாவந்தனத்தை முடித்து, சாப்பிட உட்காருகிற சமயத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அவன் சொன்னது நெஜமா?"

"நெஜம்தான், அப்பா. அண்ணாதான் கூட்டிண்டு போனான்."

அண்ணா அறைக்குள்ளிருந்து, "அவதான் பிடுங்கி எடுத்தா. ஆபீசைச் சும்மா பார்த்துட்டு வரலாம்னு போனோம்," என்றான்.

"பொய்!" என்று கத்தினேன்.

"கத்தாதே," என்றார் அப்பா. "நேத்திக்கு சபையிலே எந்தப் பொண்ணும் வேலைக்குப் போகப்படாதுன்னு நீதானே சொன்னே? நான் கைதட்டலையா? அத்தனை பேருக்கு நடுவிலே சொன்னது பொய்யா?"

"அது என் கட்சிக்காகப் பேசினது. சீட்டு எப்படி விழறதோ அந்தப் பக்கம் பேசணும். அதான் விதி. அதுவுமில்லாம, ஆண்கள் இப்படி இருக்கறவரைக்கும்னு சொன்னேன். அதை விட்டுட்டேளே."

"சீட்டு விழுந்த பக்கம் பேசறதா? அதுக்குப் பேர் வெட்டிப் பேச்சு. மனசிலே ஒண்ணு, வாயிலே ஒண்ணு வெச்சுண்டு பேசறதுக்குக் கோப்பை வேற குடுக்கறா. வேலைக்கு நீ போகலை. அவ்வளவுதான்."

"ஏன்னு காரணம் சொல்லுங்கோ."

அவர் சாதத்தில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "இந்த ஆத்துல காரணம் கேக்கற வழக்கம் கிடையாது," என்று சொல்லி எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்ததற்கு அம்மா அன்று முழுவதும் என்னைத்தான் திட்டினாள்.

ஆர்டர் வந்தது. நான் போனேன். அதைப் பெரிய துணிச்சல் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு இருந்தது துணிச்சல் இல்லை, ஆத்திரம். வாசலில் அம்மா குறுக்கே நின்றாள். அவள் கையை விலக்கிவிட்டுப் படியிறங்கினேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா என்னிடம் சொல்வாள். நான் கொண்டுபோய் வைத்தால் நான் நகர்ந்த பிறகுதான் எடுத்துக் குடிப்பார்.

அண்ணாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அகப்பட்டான்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "மணி அடிச்சுடுத்து. எல்லாரும் சிரிச்சா. சொல்றதுக்கு வேற ஒண்ணும் தோணலை."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? நீ மட்டும் கையைத் தூக்குங்கோன்னு அத்தனை பேரையும் சிரிக்க வெச்சியே, யாரைப் பார்த்துச் சிரிச்சா? என்னைத்தானே?"

பெரிய பகை, திட்டம் போட்டுச் செய்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரேஷன் ஆபீசில் எனக்குக் கொடுத்த ஜன்னல் தெருவைப் பார்த்தது. தோல் பதனிடுகிற நாற்றம் காலையிலேயே உள்ளே வந்துவிடும். வருகிற பெண்கள் என்னை நம்பவில்லை. பெயர் கேட்டால், "எதுக்குக் கேக்கே?" என்பார்கள். சர்க்கரை ஏன் குறைந்தது என்று என்னைத்தான் வைவார்கள். ஒருத்தி கார்டை என் முகத்தில் வீசினாள். ஒரு நாள் என் வரிசையில் அந்த அச்சுக்கூடக்காரர் நின்றார். ஜன்னல் வரைக்கும் வந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். அது நீளமான வரிசை. அவர் முறை வருவதற்குள் ஜன்னலை மூடிவிட்டார்கள். மறுபடி அவர் என் கண்ணில் படவில்லை.

போர் முடிந்தது. அண்ணாவின் சப்ளை ஆபீசைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேஷன் மட்டும் நிற்கவில்லை. அப்பாவும் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் நான் கிளம்பும்போது அண்ணா பாயைக்கூடச் சுருட்டாமல் படுத்திருப்பான். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு நாள் அப்பா, இடையில் அம்மா இல்லாமல், நேராக என்னைப் பார்த்து, "அவனுக்கு உங்க ஆபீசிலே ஏதாவது கிடைக்குமான்னு கேளேன்," என்றார். ஒரு வருஷத்துக்கு மேலாக என்னோடு பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அது.

கேட்டேன். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. அவன் அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. தாணேயில் ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலை கிடைத்தது. போகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். நன்றி என்று ஒன்றும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. விசேஷங்களில் பார்க்கும்போது என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவான்: "என் தங்கை. மேடையிலே என்னையே தோற்கடிச்சவ." எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன்.